இடது இறகு மேலே

ஹோஷி ஷிகேவுக்கு மூங்கில் என்றாலே அலுப்பு. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. போர் முடிந்த மறுவருஷத்திலிருந்து பன்னிரண்டு வருஷமாக, கறுப்புத் தட்டின் இடது மூலையில் மூன்று கணு மூங்கில், ஐந்து இலை. ஒரு நாளைக்கு அறுபது தட்டு. அவை கப்பலேறி எங்கேயோ போயின. அந்த ஊர்க்காரர்கள் அதில் எதை வைத்துத் தின்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து அதே மூங்கிலை வரைகிற தொக்கி, "அக்கா, காட்டு மூங்கில்கூட இவ்வளவு அவசரமா முளைக்காது" என்பாள். தொக்கி போரில் புருஷனை இழந்தவள். வாய் மட்டும் எதையும் இழக்கவில்லை.

ஐஸு வகமத்சு ஊரில், உருஷி என்கிற மரப்பாலைப் பாத்திரத்துக்கு மெருகாகப் பூசுகிற வேலைக்காரர் தெருவில் யாரைக் கேட்டாலும் ஷிகே வீட்டைக் காட்டுவார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் அல்ல. "சின்னக்காரர் குனிஜி வீடு" என்று கேட்க வேண்டும். குனிஜி அவள் புருஷன். குலச்சின்னம் எழுதுவதில் அந்தத் தெருவிலேயே பெரிய கை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பெரிய வீடுகள் கிண்ணம் செய்யச் சொன்னால், மூடியில் அந்த வீட்டுச் சின்னத்தைப் பொன்னில் எழுதுவது குனிஜிதான். அதற்கென்று அவர் ஒரு தூரிகை வைத்திருந்தார். கப்பல் எலியின் முதுகு மயிரில் கட்டியது. அதை ஷிகே தொடக்கூடாது என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொடவேண்டிய அவசியம் அவளுக்கு வரும் என்றே அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் மலையிலிருந்து வந்தவள். அப்பா மரம் கடைகிறவர். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்த முதல் கோடையில் உருஷிப் பால் அவளை ஒரு கை பார்த்தது. காயாத உருஷியின் காற்றுப் பட்டாலே புது ஆளுக்கு உடம்பு தடித்துப்போகும். ஷிகேவுக்கு முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மற்ற மருமகள்கள் ஒரு மாதம் தாய்வீடு போய்விட்டு வருவார்கள். இவள் ஆற்று நண்டை இடித்து அந்தச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு, நாற்றத்தோடு அதே அறையில் உட்கார்ந்திருந்தாள். கண் தெரியாவிட்டாலும் பொன்தூள் துடைத்த துணியை உதறிக் காகிதத்தில் சேர்க்கலாம் என்றாள். அடுத்த கோடையில் உருஷி அவளைக் கண்டுகொள்ளவில்லை. இவள் போகப்போவதில்லை என்று அதற்குப் புரிந்துவிட்டது போலும்.

மூங்கில் வரைந்த பன்னிரண்டு வருஷமும் அவளுடைய இடது கண் புருஷன் பலகையில்தான் இருந்தது. உடைந்த மூடிகளின் உட்புறத்தில், வெறும் உருஷியில், பொன் இல்லாமல் சின்னங்களை எழுதிப் பார்த்தாள். எழுதி, துடைத்து, மறுபடி எழுதினாள். அவளுக்குச் சின்னம் எழுத ஆசை. வயது நாற்பத்து மூன்றாகிவிட்டது, இனி என்ன என்று தோன்றுகிற ஆசை இல்லை அது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தடித்தது.

அந்த ஜனவரியில் குனிஜி கூரைப் பனியை வாரித் தள்ள ஏறி, பனியோடு சேர்ந்து தானும் இறங்கினார். வலது மணிக்கட்டு போயிற்று.

மூன்றாம் நாள் மொத்த வியாபாரி இகராஷி வந்தார். தெருவில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிறவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் தான் சொல்வதுதான் உலக வழக்கம் என்று நம்புகிறவர். வந்ததும் கணப்பருகே உட்கார்ந்து குனிஜியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"வைத்தியர் என்னப்பா சொல்றார்?"

"மூணு மாசம்ங்கறார்."

"அப்ப தகமுரா வேலையை ஷின்மச்சித் தெரு ஆளுக்கு மாத்திடறேன். மனசுல வெச்சுக்காதே. இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். காத்திருக்க முடியாது."

தகமுரா என்பது சாக்கே மது காய்ச்சுகிற பெரிய வீடு. மகன் கல்யாணத்துக்கு மூடிபோட்ட சூப்புக் கிண்ணம் நாற்பது. மூடியில் அவர்கள் சின்னம்: ஒரு வளையத்துக்குள் குறுக்காகப் போட்ட இரண்டு பருந்திறகு. கிண்ணங்கள் கறுப்புப் பூசிக் காய்ந்து, உள்ளறையில் அடுக்கி இருந்தன.

டீ ஊற்றிக்கொண்டிருந்த ஷிகே கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"நான் போடறேன், முதலாளி."

இகராஷி கெட்டில் பேசியது போல அதைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா ஷிகே, நீ நல்லாத்தான் மூங்கில் போடறே. ஆனா சின்னம்ங்கறது ஆம்பளை வேலை. பொண்ணுன்னா பொறந்த வீட்டுச் சின்னத்தை விட்டுட்டு வந்தவ. எந்த இறகு மேல, எந்த இறகு கீழன்னு அவளுக்கு எப்படி மனசுல நிக்கும்?"

"விட்டுட்டு வந்தவதான். அதனாலதான் ரெண்டு வீட்டுச் சின்னம் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒண்ணுதானே தெரியும்?"

உள்ளறையில் தொக்கி சிரித்தாள். சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தாள், சரியாக வரவில்லை. குனிஜி கணப்பின் சாம்பலைக் கிளறினார். ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இகராஷிக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். தணிந்த குரலில் சொன்னார்: "சரி. எழுது. இருபத்து நாலாம் தேதி என் கடைக்கு வரணும். நாற்பது மூடியும் நான் பார்ப்பேன். சரியா இருந்தா, குனிஜி கை தேறினப்புறமும் உனக்குச் சின்னம் எழுதற வேலை உண்டு. ஒரு மூடி தப்பினாலும் சரி, இந்தத் தெருவில எந்தப் பொம்பளைக்கும் நான் சின்னம் குடுக்கமாட்டேன். நீயும் கேக்காதே, வேற யாரும் வந்து கேக்கக்கூடாது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனபின் தொக்கி எட்டிப் பார்த்தாள். "அக்கா, என் பொழப்பையும் சேத்துல்ல பந்தயம் கட்டிட்டே? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"கட்டுன்னுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேக்கறது மரியாதை."

ஷிகே அன்று பிற்பகலே தொடங்கினாள். சின்னத்தை மூடிக்கு மாற்றுவது எப்படி என்று எங்கள் தெருக் குழந்தைகளுக்கும் தெரியும். மெல்லிய காகிதத்தில் சின்னம் வரைந்திருக்கும். காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் தெரிகிற கோட்டின் மேல் உருஷியால் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை மூடியின் மேல் அழுத்தி எடுத்தால் மங்கலாக ஒரு தடம் விழும். அந்தத் தடத்தின் மேல்தான் உண்மையான எழுத்து. காகிதம் அவ்வளவு மெல்லியது, எந்தப் பக்கம் பார்த்தாலும் படம் தெரியும். அதனால் குனிஜி சில வருஷமாக முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். ஷிகே எல்லாவற்றையும் பார்த்துக் கற்றவள், புள்ளி வைப்பதை மட்டும் பார்க்கவில்லை. அவர் அதை எப்போதும் காலையில் தனியாக உட்கார்ந்து வைப்பார். தகமுரா காகிதத்துக்குப் புள்ளி வைப்பதற்குள் அவர் கை போய்விட்டது.

தொக்கி கதவைத் திறந்தபோது காற்று வந்து காகிதத்தைப் பலகையிலிருந்து தூக்கிற்று. ஷிகே அதைப் பிடித்து, ஊதி, மறுபடி விரித்தாள். இரண்டு இறகு, குறுக்கே ஒன்றன்மேல் ஒன்று. எந்தப் பக்கம் வைத்தாலும் கச்சிதமாகவே இருந்தது. வேலையில் இறங்கிவிட்டாள்.

பதினொரு நாள். வீட்டில் சமைத்தது தொக்கிதான், குனிஜி இடது கையால் சாப்பிட்டார். அவர் அந்தப் பதினொரு நாளும் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. "பார்த்தா கை அரிக்கும்" என்றார். கணப்பைப் பார்த்தபடி செய்தித்தாளை மூன்று முறை படித்தார்.

ஷிகேவுக்கு அந்த நாட்கள் கல்யாணம் போல இருந்தன. எலிமயிர்த் தூரிகை அவள் கையில் தானாக நடந்தது. இறகின் நடுத்தண்டுக்குக் கறுப்பு விட்டு, இரண்டு பக்கமும் சிவந்த உருஷியை மெல்லிசாகப் பரப்பி, மூடியை ஈரப்பெட்டிக்குள் வைப்பாள். மரப்பெட்டிக்குள் நனைந்த துணியும் கீழே கொஞ்சம் கரி நெருப்பும் இருந்தன. மற்றதெல்லாம் வெயிலில் காயும், உருஷி மட்டும் ஈரத்தில் காயும். அதற்குப் பிறகுதான் கடினமான இடம். சீக்கிரம் பொன் வைத்தால் தூள் உருஷிக்குள் மூழ்கிச் செத்துப்போகும். தாமதித்தால் ஒட்டாமல் உதிரும். நடுவில் கொஞ்ச நேரம்தான். அதை மூச்சு வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூடியை வாயருகே தூக்கி மெல்ல ஊதினால் எழுத்தின் மேல் ஆவி படியும். வெள்ளையாகப் படிந்தால் இன்னும் பொறு. நீலமாக மின்னி மறைந்தால் இப்போதே வை. எங்கள் ஊரில் அதை நீல மூச்சு என்பார்கள். குனிஜி நான்கைந்து முறை ஊதிப் பார்ப்பார். ஷிகே ஒரு முறைதான் ஊதுவாள். பட்டுப் பஞ்சில் பொன்தூளைத் தொட்டு ஒற்றும்போது அவள் முகத்தைப் பார்த்த தொக்கி, "அக்கா, சிரிக்காதே, பொன் பறக்கும்" என்றாள்.

பத்தொன்பதாம் தேதி மாலை நாற்பதாவது மூடி முடிந்தது. ஷிகே எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினாள். இரண்டு நாளாவது அப்படியே விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிற்று. அப்புறம் சாப்பாட்டுக்கு ஊறுமீனை எடுத்து வைத்து, புருஷனுக்குச் சாக்கே சூடு பண்ணப் பாட்டிலை எடுத்தாள்.

தகமுரா ஆலைப் பாட்டில். நாலு வருஷமாக அந்த வீட்டில் அந்தப் பாட்டில்தான். லேபிளில் இரண்டு பருந்திறகு.

அவள் பாட்டிலை விளக்கருகே கொண்டுபோனாள். கீழே வலப்பக்கம் கிளம்பி மேலே இடப்பக்கம் சாய்கிற இறகை இடது இறகு என்போம். லேபிளில் இடது இறகு மேலே, வலது இறகு அதன் கீழே நுழைந்து போயிற்று. அவள் மூடிகளில் வலது இறகு மேலே. நாற்பதிலும் வலது இறகுதான் மேலே.

காகிதத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

வலது மேலே என்றால் அது வேறு வீடு. கல்யாணத்தன்று தகமுரா சம்பந்திகள் யாரோ முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கிண்ணத்தில் சூப் குடிப்பார்கள். இகராஷி என்ன சொன்னாரோ, வார்த்தைக்கு வார்த்தை அதுதான் நடந்திருக்கிறது. எந்த இறகு மேல என்று அவளுக்கு நிற்கவில்லை.

"சாக்கே என்ன ஆச்சு?" என்றார் குனிஜி.

அவள் பாட்டிலையும் ஒரு மூடியையும் அவர் முன்னால் வைத்தாள். பதினொரு நாளில் முதல் முறையாக அவர் மூடியைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் வெளுத்த விதம் அவளுக்கே புதிதாக இருந்தது. தன் மேலே இவ்வளவு அக்கறையா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"அப்படியே குடுத்துடு" என்றார்.

"என்னது?"

"வாயைத் திறக்காதே. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடு. சூப் குடிக்கறவன் சூப்பைத்தான் பார்ப்பான். யாரும் பார்க்கமாட்டாங்க."

"முதலாளி பார்ப்பார்."

"அவர் பொன்னைப் பார்ப்பார். குறுக்கைப் பார்க்கமாட்டார். சொன்னா கேளு, ஷிகே. இதை யார்கிட்டயும் சொல்லாதே."

ஷிகேவுக்குக் கோபம் வந்தது. இருபத்து நாலு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு வேலையைப் பற்றி அப்படிப் பேசிக் கேட்டதில்லை. மூங்கில் இலையில் நுனி ஒரு மயிரளவு தடித்தாலும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர் அவர். பெண்பிள்ளை வேலைதானே, இதற்கு இது போதும் என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். சாக்கேவைச் சூடு பண்ணாமலே அவர் முன் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் தொக்கி வந்தாள். விஷயம் தெரிந்ததும் பலகை முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். "சொரண்டி எடுத்துட்டு மறுபடி கறுப்புப் பூசினா?"

"மூணு வாரம் ஆகும். நமக்கு நாலு நாள் இருக்கு."

"அப்ப நான் போய் மூங்கிலைத் தொடங்கறேன். வாழ்நாள் பூரா இருக்கு, அவசரமில்லை."

ஷிகே ஒரு மூடியை ஜன்னல் பக்கம் திருப்பினாள், அப்புறம் பாட்டிலைத் திருப்பினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தொக்கி சொன்னதைக் கேட்டு அழ வேண்டியவள், மெல்ல மெல்ல மூடியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தொக்கி. இங்க வா. இறகு நுனி ரெண்டிலயும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"அடி?"

"ஒண்ணுதான்."

"வளையம்?"

"வளையத்துக்கு ஏது இடது வலது? என்னக்கா சொல்ல வர்றே?"

"குறுக்கு மட்டும்தான் வேற. ரெண்டும் வெட்டிக்கற இடம் மட்டும்."

உண்மைதான். இரண்டு இறகும் இரட்டைப் பிள்ளைகள். கண்ணாடியில் காட்டினால் ஒன்று மற்றொன்றாகும், அவ்வளவே. எது மேலே என்று சொல்வது நடுவில் ஒரு பட்டாணி அளவு இடம். அங்கே கீழ் இறகு இரண்டு மெல்லிய கறுப்பு இடைவெளி விட்டு மேல் இறகுக்கு வழிவிடுகிறது. மேல் இறகின் கறுப்புத் தண்டு தடையில்லாமல் அதன் வழியே ஓடுகிறது. கறுப்பு இடைவெளி இரண்டையும் தண்டையும் பொன்னால் மூடிவிட்டால் அந்த இடத்தில் யாரும் மேலே இல்லை. பிறகு அதே இடத்தில் மறுபக்கமாக மூன்று கறுப்புக் கோடு போட்டால் இடது இறகு மேலே ஏறிவிடும். மூன்று பொன், மூன்று கறுப்பு. மூடிக்கு ஆறு தீற்று.

"பொன்னுக்கு மேல பொன் வெச்சா மேடு தெரியாதா?" என்றாள் தொக்கி.

"நம்ம ஊர்ப் பொன்தூள் மாவு மாதிரி. மேடு தெரியறதுன்னா என் கை தடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்."

முதல் இரண்டு நாள் பொன். தொக்கி ஈரப்பெட்டியின் துணியை நனைத்து நனைத்துப் பிழிந்தாள், கரியை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். பட்டாணி அளவு இடத்தில் நீல மூச்சைப் பிடிப்பது மூங்கில் இலையில் பிடிப்பது போல இல்லை. மின்னுகிறதா என்று கண் நினைப்பதற்குள் மறைந்துவிடும். பதினேழாவது மூடியில் ஷிகே தவறவிட்டாள், பொன் ஒட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். வேறு எதுவும் நடக்கவில்லை. அடுத்த நாள் பூராவும் கறுப்பு. நூற்றிருபது கோடு, ஒவ்வொன்றும் ஒரு கண்ணிமை நீளம். குனிஜி கணப்பருகே உட்கார்ந்து என்ன நடக்கிறதென்று கேட்கவில்லை. ஆனால் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அன்று முழுவதும் பிடித்திருந்தார்.

இருபத்து நாலாம் தேதி காலை பெண்கள் இரண்டு பேரும் கிண்ணங்களைச் சறுக்குவண்டியில் கட்டி இகராஷி கடைக்கு இழுத்துப் போனார்கள். அவர் நாற்பது மூடியையும் ஜன்னலோரம் பரப்பச் சொன்னார். பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்னால் தகமுரா வீட்டார் கொடுத்த, சின்னம் வரைந்த தாள், மறு கையில் மூடி. குனிஜி சொன்னது தப்பு, அந்த மனுஷர் குறுக்கைத்தான் முதலில் பார்த்தார். நாற்பதும் பார்த்து முடிக்கப் பாதிக் காலை போயிற்று.

"சரியாத்தான் இருக்கு" என்றார். குரலில் ஏமாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. "வார்த்தை வார்த்தைதான். உனக்குச் சின்னம் எழுதற வேலை உண்டு."

தொக்கி ஷிகேவின் கைமடிப்பைப் பிடித்து இழுத்தாள். போகலாம் வா என்று அர்த்தம். ஷிகே போகவில்லை. பெரிய நேர்மைக்காரி என்பதால் அல்ல. அப்படி யாராவது பட்டம் கொடுத்தால் அவளே சிரிப்பாள். தான் செய்த வித்தையை, அது புரிகிற ஒரு ஆளிடம் சொல்லாமல் போனால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. அதோடு, சொல்லாமல் வாங்கிய வேலையை எப்படி எழுதுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"முதலாளி, இது நாற்பதும் முதல்ல இடவலம் மாத்தி எழுதினேன். வலது மேல."

தொக்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எது?" என்றார் இகராஷி.

"நாற்பதும்தான். காகிதம் திரும்பிடுச்சு. அப்புறம் குறுக்கை மட்டும் மாத்தினேன். மூடிக்கு ஆறு தீற்று."

அவர் ஒரு மூடியைத் திரும்ப எடுத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குச் சாய்த்தார், நகத்தால் தடவினார். எதுவும் தட்டவில்லை. ஷிகே மூடியை வாங்கி, வாயருகே வைத்து ஒரு முறை ஊதினாள். ஆவி படிந்த ஒரு நொடி, பொன்னுக்குள் பொன்னாகப் பழைய தண்டு தெரிந்து மறைந்தது. இகராஷி மூடியை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பிறகு எழுந்து பின்கட்டுக் கிடங்குக்குள் போய்விட்டார்.

"போச்சு" என்றாள் தொக்கி. "உனக்கு வாய்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, அக்கா? அது என் வேலை."

அவர் வந்தபோது கையில் தூசி படிந்த மரப்பெட்டி. திறந்தார். முப்பது மூடி, கறுப்பு. ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு பருந்திறகு.

"மிசோ விழுது விக்கற கமேயா கடை வீட்டுக்கு எழுதினது. எட்டு வருஷம் ஆச்சு. அவங்களுக்கும் இடது மேல. இது வலது மேல. வலது மேல உள்ள வீடு இந்த ஊர்ல ஒண்ணுகூட இல்லை, யாருக்கும் விக்க முடியலை." கொஞ்சம் நிறுத்தினார். "இதை மாத்த முடியுமா?"

ஷிகே ஒன்றை எடுத்தாள். குறுக்கைப் பார்த்தாள், அதே தவறு. பிறகு இறகின் நுனிக்குக் கண் போயிற்று. தூரிகையைத் தூக்கும்போது வலப்பக்கம் ஒரு சிறு இழுப்பு. அந்த இழுப்பைப் பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துப் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"யார் எழுதினதுன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் இகராஷி.

"நீங்க சொல்ல வேண்டாம்."

"கமேயாக்காரங்க அன்னைக்கே திருப்பிட்டாங்க. ஷின்மச்சி ஆளை வெச்சு வேற செட் எழுதிக் குடுத்தேன். இதை எழுதினவன்கிட்ட சொல்லலை. சொன்னா அன்னைக்கே தூரிகையைக் கீழ வெச்சிருப்பான். எனக்கு அந்தக் கை வேணும்."

ஷிகே மூடியைப் பெட்டியில் வைத்தாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ஆம்பளை முப்பது மூடி தப்பினா, அவன் மனசு நோகக்கூடாதுன்னு பெட்டியில போட்டு எட்டு வருஷம் பூட்டி வெக்கறீங்க. பொம்பளை ஒண்ணு தப்பினா தெருவுக்கே வேலை இல்லைங்கறீங்க."

இகராஷி தாடையைச் சொறிந்தார். "கிடங்குல நின்னப்ப அதைத்தான் நானும் நெனச்சேன்."

"நெனச்சது போதாது. தொக்கிக்கும் சின்னம் எழுதற வேலை வேணும்."

"இவளுக்கா?"

"நான் பக்கத்துல இருப்பேன். காகிதத்தோட முன்பக்கம் எதுன்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் தொக்கியை மேலும் கீழும் பார்த்தார். "சிரிக்காம எழுதுவாளா?"

"இன்னிக்கு எனக்குச் சிரிப்பே வரலை, முதலாளி" என்றாள் தொக்கி, அழுதுகொண்டே.

வீட்டுக்கு வந்ததும் ஷிகே தொக்கியை அனுப்பிவிட்டுப் பெட்டியைக் கணப்பருகே வைத்தாள். குனிஜி செய்தித்தாளை இறக்கினார். இடது கையால் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது.

"எங்க கெடச்சுது?"

"முதலாளி கிடங்குல."

"கமேயா வீட்டுல இல்லையா?"

"ஒரு நாள்கூட இல்லை. அன்னைக்கே திருப்பிட்டாங்களாம்."

கெட்டில் கொதித்து மூடியைத் தட்டிற்று, அவள் அதை இறக்கி வைத்தாள்.

"குடுத்த மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சுது" என்றார் குனிஜி. "கமேயா கடை வாசல் வரைக்கும் மூணு தடவை போனேன். வாய் வரலை, ஷிகே. எட்டு வருஷமா அவங்க அதுலதான் சூப் குடிக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். அந்தத் தெருவில நான் நடக்கறதே இல்லை. வாசல்ல யாராவது நின்னு, வாங்க சின்னக்காரரேன்னு கூப்பிட்டுட்டா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிசோக் கடைத் தெரு வழியாகப் போனால் வெந்நீர்க் குளியல் வீடு ஐந்து நிமிஷம். அவர் கோட்டை அகழியைச் சுற்றித்தான் போவார், சுற்றித்தான் வருவார். பனிக்காலத்தில் குளித்த உடம்பு ஐஸாகி வீடு வந்து சேரும். காலுக்கு நடை நல்லது என்பார். எட்டுக் குளிர்காலம் அவள் அதற்காக அவரைத் திட்டியிருக்கிறாள். நாற்பது மூடியையும் பேசாமல் கொடுத்துவிடு என்று அவர் சொன்னது அவளை மட்டமாக நினைத்து அல்ல. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஷிகேவுக்கு அவர்மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒரே அளவில் வந்தன.

"உன் மூடி விஷயத்தை நீ அவர்கிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"கண்டுபிடிச்சுட்டு கேட்டாரா?"

"கண்டுபிடிக்கலை. நானாத்தான் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்ததா என்னவோ. ஷிகே எழுந்து பலகையைத் துடைத்தாள், உருஷியைத் துணியில் வடித்தாள், எலிமயிர்த் தூரிகையை எண்ணெயிலிருந்து எடுத்துக் கழுவினாள்.

"மூடிக்கு ஆறு தீற்று. மூடியைப் பிடிச்சுக்க இடது கை போதும். வந்து உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். தொக்கி உட்காருகிற பக்கத்தில், முழங்கால் மடித்து, முதல் மூடியை அவளுக்குத் தோதாகச் சாய்த்துப் பிடித்தார்.

"கறுப்பை முதல்ல போடாதே" என்றார்.

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். சும்மா சொன்னேன்."

வெளிச்சம் இருந்தவரை ஒன்பது மூடிக்குப் பொன் வைத்தாயிற்று. அப்புறம் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். ஷிகே அரிசி களைந்து வைத்தாள். திரும்பி வந்து கதவை இழுத்து மூடியவரின் பின்கழுத்தில் அவள் கையை வைத்துப் பார்த்தாள். கழுத்து இன்னும் சூடாக இருந்தது.